டெலிபோன் புத்தகத்தில் அப்பாவின் பெயர்

இரும்புப் படியில் யாரோ ஏறி வரும் சத்தம். மெதுவான சத்தம். ஒரு படி. ஒரு மூச்சு. அடுத்த படி.

மான்ட்ரியல் நகரத்து வில்லரேயில் எங்கள் வீட்டுக்குப் படி வெளியே இருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். வளைந்து ஏறும் படி. பனிக்காலத்தில் அதில் கால் வைக்க வாலிபனுக்கே பயம். அன்று ஞாயிற்றுக்கிழமை. பனி உருகத் தொடங்கியிருந்தது. மேலே ஏறுகிறவருக்கு வயது அதிகம் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

கதவைத் திறந்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள். எழுபது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, கையுறை, சின்னத் தொப்பி. கையில் துணி மூடிய தட்டு. வெங்காயமும் மிளகும் மணத்தன.

என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல் வீட்டுக்குள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து வேறு ஒருவர் வருவார் என்பதுபோல.

"மிஸ்டர் பொல்வரான்?"

"நான்தான்."

தட்டு சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி தேவகி குரல் கொடுத்தாள். "யாருங்க?"

"தெரியல. என் பேரைச் சொல்றாங்க."

"போலீஸா?"

"போலீஸ் தட்டு தூக்கிக்கினு வருமா?"

அந்த அம்மாள் கையுறையைக் கழற்றவில்லை. கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். டெலிபோன் புத்தகத்தில் கிழித்த தாள். அதில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இரண்டு வரிகள்.

ஈ. பொல்வரான். ஈ. பொல்வரான். ஒன்றின் கீழ் ஒன்று. முகவரி மட்டும் வேறு.

"முதல் வரி நான்" என்றார். "முப்பது வருஷமா இந்தப் புத்தகத்தில் நான் ஒருத்திதான். இந்த வருஷம் ரெண்டு இருக்கு. அச்சுப் பிழைன்னு நினைச்சேன்."

கட்டத்துக்குள் ஒரு பெயர்

என் பெயர் ஏழுமலை. இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்து ஈ. பொல்வரான் என்பது என் அப்பாவின் பெயர்.

மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் இந்தியச் சமையலறைக்கு வெங்காயம் உரிக்க வந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். கண்காட்சி முடிந்ததும் பலர் திரும்பினார்கள். சிலர் இங்கேயே இருக்க மனுப் போட்டோம். மனுத் தாளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரை எழுது என்றார் எங்கள் தலைமைச் சமையல்காரர். எல்லோரும் அப்படியே எழுதினோம். ஒருவர் முருகேசன் குடும்பம் ஆனார். ஒருவர் கோவிந்தன் குடும்பம். நான் பொல்வரான் குடும்பம்.

தேவகி பிறகு வந்தாள். அவளையும் பொல்வரான் என்று எழுதினார்கள். "மாமனார் பேரைச் சொன்னா எங்க ஊர்ல வாயில அடிப்பாங்க" என்றாள். "இங்க என்னையே அந்தப் பேர்ல கூப்பிடறாங்க."

ஊருக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலைக்கு எழுதிப் போட்டபோது உடனே வரச் சொன்னார்கள். போனேன். மேற்பார்வையாளர் ஸ்காட்லாந்துக்காரர். பெயரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ஆளைப் பார்த்ததும் மனுவை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு கையுறை கொடுத்தார்.

அது வெள்ளைக்காரப் பெயர் என்று எனக்குத் தெரியும். எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பியதும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

சோமாசி

அன்று அவர் கொண்டு வந்தது அவர் ஊர்ப் பண்டம். மாவை வட்டமாக இட்டு, உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தைப் பின்னி அடுப்பில் சுட்டது.

"சோமாசி மாதிரி கீது" என்றாள் தேவகி என்னிடம்.

மாட்டுக்கறி. நான் சாப்பிட்டேன். தேவகி பின்னிய ஓரத்தை மட்டும் பிய்த்து வாயில் போட்டாள்.

அம்மாள் சிரித்தார். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான். "அந்த ஓரத்தை யாரும் சாப்பிட மாட்டாங்க. சுரங்கத்துல கை அழுக்கா இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததைத் தின்னுட்டு, ஓரத்தை எறிஞ்சிடுவாங்க."

"சுரங்கமா?" என்றேன்.

"எங்க ஊர்ல எல்லாரும் சுரங்கம்தான். வெள்ளீயம், செம்பு." பிறகு கேட்டார். "உங்க அப்பா எந்த ஊர்?"

"கோலார். தங்கச் சுரங்கம்."

அவர் எழுந்துவிட்டார். தேநீர் பாதி இருந்தது. தட்டைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டேன். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன்.

திரும்பி வந்தபோது கீழ் வீட்டு மதாம் ஜன்னலைத் திறந்தாள். பிரெஞ்சுக்காரி. அவள்தான் வீட்டுக்காரி. தபால் பெட்டியில் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் பார்க்கிறவள். அந்த அம்மாள் முதலில் அவளிடம்தான் விசாரித்திருக்கிறார்.

"போன்ஜூர், முசியே பொல்வரான்! உங்க அத்தை இவ்வளவு வெள்ளைன்னு சொல்லவே இல்லையே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

சுண்ணாம்புக் கை

கோலார் தங்கவயலில் எங்கள் வீடு லைனில் இருந்தது. லைன் என்றால் வரிசை வீடு. ஒரு வரிசைக்கு ஒரே கூரை. பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் தண்ணீர் கொடுப்போம். அவ்வளவு பக்கம்.

லைனுக்குப் பின்னால் சயனைட் மேடு. தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண். மலை மாதிரி நிற்கும். காற்றடித்தால் சோற்றில் நறநறவென்று இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரும் சேர்த்து என் முழுப் பெயரை வாத்தியார் படிப்பார். பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். "வெள்ளைக்காரன் பேரன் உள்ளேன் ஐயா!"

ஒரு நாள் ஒருவன் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். என் அப்பாவைப் பெற்றவளைப் பற்றி. அதை இங்கே எழுத மாட்டேன். அவன் பல்லை உடைத்தேன். நான் பள்ளிக்கூடம் போனது அன்றோடு சரி. ஏன் அடித்தாய் என்று அப்பா கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு குறைவு.

வருஷத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அப்பா எங்கோ போய்விட்டு வருவார். கை இரண்டிலும் சுண்ணாம்பு அப்பியிருக்கும். வாசலில் கழுவுவார். எங்கே போனார் என்று நான் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

ஊசிகள்

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. தேவகி எடுத்தாள். தங்கவயல் மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

"அந்த அம்மா கூப்பிடறாங்க. வீட்டுக்கு வரச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"தட்டைக் குடுக்கப் போறோம். வேற எதுக்கு?"

ஊரின் இன்னொரு மூலையில், வெர்டனில் அவர் வீடு. இரண்டு அறை. சுத்தமான வீடு. உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்க வரைபடம். ஒன்று அவர் ஊர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிய கால் மாதிரி ஒரு நிலம். கார்ன்வால் என்று பெயர். இன்னொன்று உலகம். இரண்டிலும் குண்டூசிகள். சிவப்புத் தலை, பச்சைத் தலை, கறுப்புத் தலை.

"சிவப்பு உயிரோட இருக்கிறவங்க. கறுப்பு செத்தவங்க. பச்சை, எழுதினேன், பதில் வரலை."

எல்லாம் பொல்வரான்கள்.

அவர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். தலையில் மாட்டிக்கொண்டு, கம்பியைச் சொருகி, ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுக்கிற வேலை. அங்கே ஓர் அறையில் உலகத்து ஊர்களின் டெலிபோன் புத்தகங்கள் எல்லாம் இருக்குமாம். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பின்னல் போடுவார்கள். இவர் புத்தகத்தைத் திறந்து அந்த எழுத்துக்குப் போவார். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் ஒரு கடிதம். ஓய்வு பெறும் வரை இப்படி.

"எவ்வளவு பேர்?" என்று தேவகி கேட்டாள்.

"உயிரோட நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். உலகம் பூரா."

எங்கள் லைனில் ஒரு வரிசையிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கார்ன்வால் படத்தில் ஊசிகள் எல்லாம் ஒரே இடத்தில் மொய்த்திருந்தன. ஈ மொய்த்த மாதிரி. ஓர் ஆள் காலையில் புறப்பட்டுச் சாயங்காலம் வீடு திரும்பும் தூரம்தான். அதன் நடுவில் ஊசி இல்லாமல் ஒரு சின்ன வட்டம், பென்சிலில்.

"அது பண்ணை. பேரே அந்தப் பண்ணையோட பேருதான். எங்க பழைய பாஷையில காக்காய்க் குட்டைன்னு அர்த்தம். குட்டையில காக்காய் தண்ணி குடிக்கும். பக்கத்துல குடியிருந்தவனை அந்தப் பேர்ல கூப்பிட்டாங்க. அவன் காலி பண்ணிட்டுப் போனா அடுத்து வந்தவனுக்கும் அதே பேர். பழைய கோயில் ஏட்டுல பார்த்திருக்கேன். உறவே இல்லாத மூணு குடும்பம், ஒண்ணு பின்னால ஒண்ணு, மூணுக்கும் அதே பேர். ரத்தம் எல்லாம் அப்புறம் வந்தது."

நான் உலகப் படத்தின் பக்கம் போனேன். ஊசிகள் தூரம் தூரமாக இருந்தன. ஆஸ்திரேலியாவின் தெற்கே ஒரு கொத்து. மெக்சிகோவில் இரண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒன்று. அமெரிக்காவின் பெரிய ஏரிக் கரையில் நாலைந்து.

எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் அந்த ஊர்களின் பெயர்கள் தெரியும். லைனில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. துரைகள் எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று பேசும்போது அந்தப் பெயர்கள் வரும்.

"எல்லாம் சுரங்கம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எத்தனையோ பேருக்கு இதைக் காட்டியிருக்கேன். யாரும் அதைச் சொன்னதில்லை."

உலகத்தில் ஒரு குட்டை. அங்கே ஒரு காக்கை. அந்தப் பெயர் கடல் தாண்டிப் போய், பூமிக்குள் இறங்கி, ஒவ்வொரு குழியிலும் ஒரு ஆளை விட்டிருக்கிறது. அதை ஒரு பெண்பிள்ளை, சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். கோயிலில் நிற்பதுபோல நின்றேன்.

பிறகு கவனித்தேன். இந்தியாவில் ஊசி இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவர் கேட்ட கேள்வி

"அங்கே மட்டும் நான் எழுதலை" என்றார். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

உட்காரச் சொன்னார். சொன்னார்.

அவர் அப்பா சுரங்கக் கேப்டன். கப்பல் கேப்டன் இல்லை. பூமிக்கு அடியில் வேலை வாங்குகிறவர். கோலாருக்குப் போனார். மனைவியும் குழந்தையும் ஊரில். மாதம் தவறாமல் கடிதம் வரும். அப்போது இவருக்கு ஐந்து வயது.

கோலாரிலிருந்து திரும்பிய வேறொரு துரையின் மனைவி ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாவிடம் சொன்னது ஒரே வரி. உன் புருஷன் பெயரில் அங்கே லைனில் கறுப்புக் குழந்தைகள் இருக்கின்றன.

அந்த ஊர் நியாயத்தில் ஒரு குழந்தைக்கு ஓர் ஆளின் பெயர் வர ஒரே வழிதான் உண்டு.

அம்மா எதையும் கேட்டு எழுதவில்லை. வீட்டைக் காலி செய்தார். யாரிடமும் முகவரி கொடுக்கவில்லை. குழந்தையோடு கப்பல் ஏறி மான்ட்ரியல் வந்து இறங்கினார். சாகும்வரை அந்த ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். மகளும் பேசவில்லை.

"எல்லாப் பொல்வரானையும் தேடினேன். அவரை மட்டும் தேடலை" என்றார். "தேடினா என்ன கிடைக்கும்னு தெரியும்னு நினைச்சேன்."

தேவகி ஒவ்வொரு வாக்கியமாக எனக்குத் தமிழில் சொன்னாள். கடைசி வாக்கியம் எனக்கே புரிந்தது.

"நீங்க என் தம்பி மகனா?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஆமாம்னா எனக்குச் சந்தோஷம். எனக்குன்னு ஒரு தம்பி இருக்கான். ஆனா அப்பா எங்களைக் கைவிட்டது நிஜமாயிடும். இல்லைன்னா அப்பா நல்லவர். நான் மறுபடி தனி. ரெண்டுல எது வேணும்னு எனக்கே தெரியலை. ஆனா தெரிஞ்சுக்கணும். எனக்கு வயசாச்சு."

என் பக்கம் வேறு கணக்கு. ஆமாம் என்றால், பின் பெஞ்சிலிருந்து கேட்ட குரல் சொன்னது நிஜம். ஒருவனின் பல்லை நான் அநியாயமாக உடைத்திருக்கிறேன்.

"தெரியலைம்மா" என்றாள் தேவகி. "எங்க மாமனார் உயிரோடதான் இருக்கார். கேட்டு எழுதறோம்."

நீலக் காகிதம்

வெளியூர் தபாலுக்கு ஒரு நீலக் காகிதம் விற்பார்கள். எழுதி மடித்தால் அதுவே உறை. அதை மேஜையில் வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு உட்கார்ந்தேன் என்று தெரியாது.

அன்புள்ள அப்பாவுக்கு. அதற்குமேல் ஓடவில்லை.

நீங்கள் யாருக்குப் பிறந்தீர்கள் என்று ஒரு பிள்ளை எப்படி எழுதுவான்? எங்கள் பக்கம் அதைக் கேட்டால் சோறு கிடையாது. கேட்ட நாக்கு அழுகும் என்பார்கள்.

"இன்னும் எழுதலியா?" என்பாள் தேவகி.

"பேனா சரியில்ல."

"மூணு பேனா வாங்கிட்டீங்க."

ஒரு ஞாயிறு அவளே காகிதத்தை இழுத்தாள். பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தாள். மாமனார் உடம்பு எப்படி, மழை எப்படி, நாத்தனாருக்கு வரன் வந்ததா என்று முழுப் பக்கம். கடைசியில் ஒரு வரி. 'மாமா, உங்களுக்கு இந்தப் பேர் வச்சது யாரு, வச்ச கதை என்னன்னு உங்க பிள்ளைக்குத் தெரியலையாம். எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. இந்த ஊர்ல அதுக்கும் இதே பேருதான். கேட்டா சொல்லணும் இல்லியா?'

அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

படித்துப் பார்த்தேன். அதே கேள்விதான். ஆனால் அதில் அசிங்கம் இல்லை. குழந்தை விஷயமும் எனக்கு அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது.

"எப்போலருந்து?" என்றேன்.

"பேனா வாங்கிக்கினு இருந்தீங்களே, அப்போலருந்து."

ஏழு வீடு

பதில் வர இலை பழுக்கிற காலம் ஆகிவிட்டது. அப்பா சொல்ல என் தங்கை எழுதியிருந்தாள். பிரிக்காமல் வெர்டனுக்கு எடுத்துப் போனோம். அம்மாளின் வீட்டில், வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்து, தேவகி பிரித்தாள். ஒரு வரி தமிழில் படிப்பாள். ஒரு வரி இங்கிலீஷில் சொல்வாள்.

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பார்த்து எழுதுகிறேன்.

'மருமகளுக்கு ஆசீர்வாதம். இதைக் கேக்க என் பிள்ளைக்கு இவ்வளவு வயசு ஆச்சா? அதுவும் பொண்டாட்டியை விட்டுக் கேக்கிறான். போகட்டும்.

நான் பிறக்கிறதுக்கு ரெண்டு மாசம் முந்தி கீழே பாறை வெடிச்சுது. பூமி பெருமூச்சு விட்ட மாதிரி சத்தம் வந்துச்சாம். வழி மூடிப்போச்சு. உள்ளே ஏழு பேர். அதுல எங்க அப்பா ஒருத்தர். ஒரு ஆள் படுத்து நுழையற சந்து இருந்துச்சு. யாரும் நுழைய மாட்டேன்னுட்டாங்க. பொல்வரான் துரை தண்ணியும் ரொட்டியும் எடுத்துக்கினு தானே நுழைஞ்சார். அவர் உள்ளே போனதும் சந்தும் மூடிக்கிச்சு.

மூணு நாள். மெழுகுவத்தி தீந்துபோச்சு. காத்து கம்மி. தூங்கினா எழுந்திருக்க மாட்டாங்கன்னு துரை ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டுக்கினே இருந்தாராம். ஏழு பேர் பேரும். மாத்தி மாத்தி. மூணு நாளும். பதில் வர்ற வரைக்கும் விட மாட்டாராம். எட்டுப் பேரும் உயிரோட மேலே வந்தாங்க.

வந்ததும் ஏழு பேரும் கூடிப் பேசினாங்க. அவர் நம்மளைக் கூப்பிட்டார், நம்ம வீட்ல அவரைக் கூப்பிட்டுக்கினே இருக்கணும். அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குத் துரை பேரு. ஏழு வீட்லயும் வச்சாங்க. லைன்ல நின்னு பொல்வரான்னு கத்தினா ஏழு கதவு திறக்கும். அதனால பெரிய பொல்வரான், குட்டை பொல்வரான், சளி பொல்வரான். ஒரு வீட்ல பொட்டைப் பிள்ளை பிறந்துச்சு. விட்டாங்களா? அது பொல்வரம்மா.'

இங்கே தேவகி நிறுத்தினாள். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கறுப்புக் குழந்தைகள்" என்றார். "அவர் பெயரில்."

"ஆமாம்மா."

"அந்தப் பொம்பிளை பொய் சொல்லலை. அம்மா காதுல கேட்டது நிஜம்தான்."

எனக்கும் ஒரு மூச்சு வந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே நின்ற மூச்சு. வெளியே தெரியாமல் விட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கீது" என்றாள் தேவகி.

'துரைக்கு அதுக்கப்புறம் ஊர்லருந்து கடுதாசி வரலை. அவர் போட்டதெல்லாம் திரும்பி வந்துச்சு. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போய்த் தேடிட்டு வந்தார்னு சொல்வாங்க. கிடைக்கலை. வேற கல்யாணம் பண்ணிக்கலை. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஏழு வீட்டுக்கும் வருவார். எங்களைக் கதவு நிலையில சாத்தி நிக்க வச்சுத் தலைக்கு மேலே கரியால கோடு போடுவார். அப்புறம் இன்னொரு கோடு, கொஞ்சம் மேலே போடுவார். அங்க யாருமே நிக்க மாட்டாங்க. இது யாரு துரைன்னு கேப்போம். எலன். இப்போ இவ்வளவு இருப்பான்னு சொல்வார். சின்னதுல அது அவங்க சாமி பேருன்னு நெனச்சிருந்தேன். வருஷா வருஷம் அந்தக் கோடும் மேலே போச்சு.'

தேவகி இங்கிலீஷில் சொல்லி முடிக்கவில்லை. அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஈ என்பது அதுதான்" என்றார். "என் பேர் எலன்."

நாங்கள் இருவரும் அதுவரை அவர் பெயரைக் கேட்டதே இல்லை. புத்தகத்தில் ஓர் எழுத்து இருந்தது. அது போதும் என்று இருந்துவிட்டோம்.

பிறகு அவர் கேட்டார்.

"கடைசிக் கோடு எவ்வளவு உயரம்?"

தேவகி தேடிப் படித்தாள். 'கடைசியா போட்டது எங்க மேல் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே.'

அந்தத் தாழ்ப்பாள் எனக்குத் தெரியும். என் தலைக்குச் சற்று மேலே இருக்கும். எழுந்து போய் அவர் வீட்டுக் கதவில் கையை வைத்துக் காட்டினேன். அவர் வந்து அதன் கீழே நின்றார். நிலையில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஒட்டி, சின்னப் பிள்ளை மாதிரி.

தலைக்கும் என் கைக்கும் நடுவில் நாலு விரல் இடம்.

"அவர் நினைச்ச அளவுக்கு நான் வளரவே இல்லை" என்றார். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

சுண்ணாம்பு

கடிதத்தில் மீதி இருந்தது கொஞ்சம்தான். துரை அங்கேயே இறந்தார். சுரங்கத்துக்கு மேலே வெள்ளைக்காரர் கல்லறையில் வைத்தார்கள். அவர் இறந்த நாளில் ஏழு பொல்வரான்களும் போய்ச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் பிறக்கும் முன்பே மற்ற ஆறு வீடும் வேறு லைன்களுக்குப் போயிருந்தாலும், அந்த நாளில் மட்டும் கூடுவார்கள். ஏழு ஆறாயிற்று. ஆறு நாலாயிற்று. பொல்வரம்மாவும் போய்விட்டாள். 'இப்போ நான் ஒருத்தன்தான் அடிக்கிறேன். முட்டி வலிக்குது. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு கல்லு. வேணும்னா படம் புடிச்சு அனுப்பறேன்.'

அம்மாள் ஊசி டப்பாவை எடுத்தார். கோலார் எங்கே என்று கேட்டார். நான் விரல் வைத்தேன். ஒரு கறுப்பு குத்தினார். அப்பாவுக்கு. பிறகு இன்னும் ஆறு கறுப்பு. இடம் போதவில்லை. ஊசி மேல் ஊசி சாய்ந்தது. கடைசியில் ஒரு சிவப்பு.

"ரத்த சம்பந்தம் இல்லியேம்மா" என்றாள் தேவகி.

"காக்காய்க் குட்டையில இருந்தவங்களுக்கும் இல்லை" என்றார்.

மான்ட்ரியலில் ஏற்கெனவே ஒரு சிவப்பு இருந்தது. பக்கத்தில் இரண்டு குத்தினார். தேவகியின் வயிற்றைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து, குத்தாமல், அவள் உள்ளங்கையில் வைத்தார்.

எங்கள் முறையில் அப்பா பெயர் ஒரு தலைமுறைதான் முன்னால் நிற்கும். அதுவும் ஓர் எழுத்தாக. பிறகு உதிர்ந்துவிடும். மற்ற ஆறு வீட்டிலும் அப்படி உதிர்ந்துதான் போனது. ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியதால் எங்கள் வீட்டில் மட்டும் நின்றுவிட்டது. என் மகளுக்கு அதே பெயர். இங்கே அம்மா பெயரையும் வைக்கலாம் என்பதால் அவள் பிள்ளைகளுக்கும் அதே. சமையலறைக்காரர்கள் கூடிச் செய்த தப்பு. இப்படி ஒரு நல்ல தப்பு என் வாழ்க்கையில் வேறு இல்லை.

மகள் பிறந்தபோது அம்மாள் அதே இரும்புப் படியேறி வந்தார். மதாம் ஜன்னலிலிருந்து கேட்டாள். "அத்தையா?"

"ஆமாம்" என்றேன். இந்தத் தடவை நான் சிரித்து வைக்கவில்லை.

அப்பா அனுப்பிய படத்தை அம்மாள் தன் தலைமாட்டில் வைத்திருந்தார். வெள்ளை வெளேரென்று ஒரு கல். பக்கத்தில் என் அப்பா, கையில் மட்டை, உடம்பெல்லாம் சுண்ணாம்பு.

சில வருஷம் புத்தகத்தில் இரண்டு வரிகள் வந்தன. பிறகு ஒரு வருஷம் புதுப் புத்தகம் வந்தது. நான் பிரிக்கவில்லை. தேவகிதான் பிரித்து அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்தாள்.

ஒரே ஒரு வரி. ஈ. பொல்வரான்.

முகவரியை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அது நானாகவும் இருக்கலாம். அவராகவும் இருக்கலாம்.